ஆற்றங்கரைச் சோறு: கியோத்தோ முதல் செம்பவாங் வரை

முன்னுரை

சென்ற கல்வியாண்டில் நான் விருப்பப் பாடமாக ஜப்பானியவியலை எடுத்திருந்தேன். ஒரு நாள் விரிவுரையாளர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். ஆற்றோரத்தில் மரக்கால்கள் ஊன்றி நீளமான மேடைகள் கட்டப்பட்டிருந்தன. மேடைகளின்மேல் தாழ்வான மேசைகள், வரிசையாக விளக்குகள், அமர்ந்து உண்ணும் மக்கள். கோடைப் புழுக்கத்திலிருந்து தப்பிக்கக் கியோத்தோ நகர மக்கள் சில நூற்றாண்டுகளாகப் பின்பற்றிவரும் வழக்கம் இது என்று விளக்கிய அவர், "இதைப்போல ஏதேனும் உங்கள் சமூகத்தில் உண்டா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த சீனத் தோழி சிங்கப்பூர் ஆற்றங்கரை உணவகங்களைச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை செம்பவாங்கிற்கு ரயிலில் திரும்பும்போதுதான் விடை நினைவுக்கு வந்தது. ஆடிப் பதினெட்டு! ஜொகூரில் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். அங்கே ஆடிப்பெருக்கைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். அதற்கும் மேலாக, ஆற்றங்கரையில் பாட்டி கையால் புளிச்சோறு வாங்கித் தின்றவன். ஆனால், தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு தமிழ் எனக்கு வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கியது. ஆடிப்பெருக்கும் எங்கோ அடியில் போய்விட்டது. கேட்ட நேரத்தில் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மக்கள் ஏன் சோற்றைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறார்கள்? இக்கேள்விக்குக் கியோத்தோ, காவிரி, ஜொகூர் ஆறு, செம்பவாங் ஆகிய நான்கு கரைகளில் விடை தேட முயன்றிருக்கிறேன்.

கியோத்தோவின் மேடைகள்

கியோத்தோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த நகரம். கோடையில் காற்று அசையாமல் வெப்பம் தேங்கி நிற்கும். நகரின் ஊடே காமோ ஆறு ஓடுகிறது. இதன் மேற்குக் கரையில் அமைக்கப்படும் மேடைகளுக்கு 'நோரியோ-யுகா' என்று பெயர். 'நோரியோ' என்றால் குளிர்ச்சி பெறுதல், 'யுகா' என்றால் தளம். நகருக்கு வடக்கே மலைக்குள் இருக்கும் கிபுனே என்னும் சிற்றூரில் ஓடையின் நீருக்கு மேலேயே, கைக்கெட்டும் உயரத்தில், மேடை போடுகிறார்கள். அங்கே இதைக் 'கவாதோகோ' என்கிறார்கள்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தொயோத்தோமி ஹிதேயோஷி ஆற்றின்மீது பாலங்களைப் புதுப்பித்த பிறகு கரைகளில் மக்கள் கூட்டம் பெருகியது. செல்வந்த வணிகர்கள் தங்கள் விருந்தினரை ஆற்றோரம் அமர்த்தி உபசரித்தார்கள். இதுவே தொடக்கம் என்பர். எடோ காலத்தின் நடுப்பகுதியில் சுமார் 400 தேநீர்க் கடைகள் ஆற்றில் இருக்கைகள் போட்டிருந்தனவாம். 1934ஆம் ஆண்டுப் புயலிலும் 1935ஆம் ஆண்டு வெள்ளத்திலும் மேடைகள் அடித்துச் செல்லப்பட்டன. அடுத்து வந்த போர்க்காலத்தில் இவ்வழக்கம் நின்றேபோனது. போருக்குப்பின் மீண்டும் தலையெடுத்து, மேடைகள் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு 1952இல் விதிமுறைகளும் வகுக்கப்பட்டன.

மேடைகள் மே மாதம் கட்டப்பட்டு, பருவம் முடிந்ததும் பிரிக்கப்படுகின்றன. முன்பு செப்டம்பரோடு முடிந்த பருவம் அண்மை ஆண்டுகளில் அக்டோபர் வரை நீள்கிறது. கடுங்கோடையில் வெயில் தாங்காது என்பதால், காமோ ஆற்று மேடைகளில் பொதுவாக மாலைக்குப் பிறகே உணவு பரிமாறப்படும். ஆற்றுமீனாகிய 'ஆயு', விலாங்கைப் போன்ற 'ஹமோ' ஆகியன கோடைக்குரிய உணவுகள்.

இதைப் படித்தபோது எனக்கு எளிதாக ஒரு முடிவு தோன்றியது: அவர்களுடையது கேளிக்கை, நம்முடையது வழிபாடு. பின்னர் அது சரியன்று எனத் தெரிந்தது. பழங்காலத்தில் இந்த ஆற்றங்கரைக் கூட்டம் கியோன் திருவிழா நாள்களையே ஒட்டி நடந்தது. கியோன் திருவிழாவோ 869ஆம் ஆண்டு கொள்ளைநோய் நீங்க வேண்டி எடுக்கப்பட்ட விழாவிலிருந்து வளர்ந்தது. இன்றும் அவ்விழாவின்போது தெய்வப் பல்லக்கைக் காமோ ஆற்று நீரால் தூய்மை செய்யும் சடங்கு நடைபெறுகிறது. ஆக, அங்கும் சோற்றுக்கும் சாமிக்கும் நடுவில் ஆறு இருக்கிறது.

காவிரிக் கரையின் பாய்

நம் பக்கம் வருவோம். தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் பெய்ய, ஆடி மாதத்தில் காவிரி புதுவெள்ளத்தோடு தமிழ்நாட்டுக்குள் வரும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழி அந்த நீரை நம்பிப் பிறந்ததே. ஆடி 18ஆம் நாள், அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதியளவில், ஒகேனக்கல், மேட்டூர், பவானி கூடுதுறை, திருவரங்கம் அம்மா மண்டபம், திருவையாறு, கும்பகோணம் என ஆற்றின் வழிநெடுகக் குடும்பங்கள் கரையில் கூடும். மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி, ஊறவைத்த அரிசியும் வெல்லமும் வைத்துக் காவிரியை வணங்குவார்கள். பெண்கள் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். சிறுவர்கள் சிறுசப்பரம் இழுப்பார்கள்.

பிறகு சாப்பாடு. புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்னும் சித்திரான்ன வகைகள். இவை கெடாமல் இருக்கும், கையில் எடுத்துப்போக ஏற்றவை, குழம்பு தேவைப்படாதவை. ஆற்றங்கரைக்கென்றே அமைந்த சமையல் இது எனலாம். கியோத்தோவில் சமையலறை மேடைக்குப் பின்னால் இருக்கிறது. காவிரியில் அது தூக்குவாளிக்குள் இருக்கிறது. அங்கே ஐந்தாறு மாதங்கள், பணம் கொடுத்து உண்கிறார்கள். இங்கே ஒரே நாள், பாய் விரித்தவர் எவரும் உண்ணலாம்.

புதுப்புனலைக் கொண்டாடுவது நமக்குப் பழைய வழக்கம். பரிபாடலில் இன்று கிடைத்துள்ள 22 பாடல்களில் 8 வையையைப் பற்றியவை. வெள்ளம் வந்ததும் மதுரை மக்கள் திரண்டுபோய் நீராடியதை அவை விரித்துரைக்கின்றன. நம் காலத்தில், 1950இல் தொடராக வரத் தொடங்கிய கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில்தான் தொடங்குகிறது. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும்போது, சுற்றிலும் மக்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து உண்டு களிக்கிறார்கள். தமிழில் பலரும் அறிந்த அந்த நாவலின் முதல் காட்சியே நீர்க்கரைச் சாப்பாடுதான்!

ஆனால் காவிரி ஆண்டுதோறும் ஒரே மாதிரி வருவதில்லை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. 2017இல் அணையில் போதிய நீர் இல்லாததால் பாசனத்துக்குத் திறக்க அக்டோபர் ஆகிவிட்டது. மாறாக, 2024இல் ஜூலை இறுதியிலேயே அணை 120 அடி முழுக் கொள்ளளவை எட்டி வெள்ளம் பாய்ந்தது. அந்த ஆடிப்பெருக்கில் பல இடங்களில் ஆற்றில் இறங்கக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியிருந்தது. ஓராண்டு கரை நிறைய மணல். ஓராண்டு கரை மறையும் நீர். இரண்டு ஆண்டுகளிலும் மக்கள் தூக்குவாளியோடு போனார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆடியில் பெருகாத ஆறு

என் பாட்டியின் தாத்தா குளித்தலைப் பக்கத்துக் காவிரிக்கரையிலிருந்து மலாயாவுக்குப் பால்மரம் சீவ வந்தவர். குடும்பம் கோத்தா திங்கிக்கு அருகில், ஜொகூர் ஆற்றை ஒட்டிய ஒரு தோட்டத்தில் தங்கியது. என் பாட்டி அங்கேதான் பிறந்து, அங்கேயே வேலை செய்து, லயத்து வீட்டில் ஆறு பிள்ளைகளை வளர்த்தார். ஒவ்வோர் ஆடிப் பதினெட்டன்றும் லயத்துப் பெண்கள் ஒன்றுசேர்ந்து சமைத்து ஆற்றங்கரைக்குப் போவார்கள். என் ஏழு, எட்டு வயதில் நானும் போயிருக்கிறேன். நீரில் கால் வைக்க விடமாட்டார்கள். ஜொகூர் ஆற்றில் முதலை உண்டு.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. ஜொகூர் ஆறு ஆடியில் பெருகுவதே இல்லை! அது பெருகுவது வடகிழக்குப் பருவமழை வலுக்கும் மார்கழியில். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரம் அடுத்தடுத்து இரண்டு பெருவெள்ளங்களைக் கண்டது. பாட்டியின் லயத்திலும் சன்னல்வரை தண்ணீர் ஏறியது என்று அம்மா சொல்வார். அப்படியானால், காவிரியின் நாள்காட்டியை வைத்துக்கொண்டு வேறோர் ஆற்றுக்கு ஏன் சோறு கொண்டுபோனார்கள்? ஊரிலிருந்து வந்தவர்களால் ஆற்றைக் கொண்டுவர முடியவில்லை. நாளை மட்டும் கொண்டுவந்தார்கள். கிடைத்த ஆற்றின்மேல் அந்த நாளை வைத்தார்கள். இதுவே என் விளக்கம்.

பாட்டியிடம் கேட்டேன். அவருடைய விளக்கம் வேறு. "வெள்ளம் வந்த வருசம் யாரும் ஆத்துப் பக்கம் போகக்கூடாதுன்னாங்க. நான் போனேன். கோவிச்சுக்கிட்ட ஆளு வீட்டுக்குத்தானே மொதல்ல சோறு கொண்டு போவணும்?" என்றார். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பின்னர் தோட்டம் கைமாறியது, லயங்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் ஆளுக்கொரு தாமானுக்குப் போயின. கூடிச் சமைக்க ஆளில்லாமல் அந்த வழக்கம் நின்றது. அதை நிறுத்துவோம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. ஓராண்டு போகவில்லை, அடுத்த ஆண்டும் போகவில்லை. அவ்வளவுதான்.

குழாய்க்குள் போன ஆறு

பாட்டி இப்போது செம்பவாங்கில் மாமாவின் வீவக வீட்டில் இருக்கிறார். நானும் படிப்புக்காக அங்கேதான் தங்கியிருக்கிறேன். முட்டிவலியால் பாட்டியால் நெடுந்தூரம் நடக்க முடியாது. விரல்களும் மடங்கிவிட்டன, கரண்டி பிடிப்பது சிரமம்.

கியோத்தோ மேடைகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். 'ஜப்பான்' என்றதும் முகம் மாறியது. "எங்க சித்தப்பா ஒருத்தரைச் சயாமுக்குக் கொண்டு போனானுங்க. நான் பொறக்கறதுக்கு முந்தி. திரும்பி வரலை" என்றார். சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர்களின் கதை நம்மில் பல குடும்பங்களில் உண்டு. சற்று நேரம் கழித்து, அவரே கேட்டார்: "அவங்களும் ஆத்தோரமா ஒக்காந்து சாப்பிடுறவங்கதானா?" ஆமாம் என்றேன். அடுத்து வந்த கேள்விதான் என்னை மடக்கியது. "இங்க ஆறு எங்க இருக்கு, தம்பி?"

இதற்கு விடை தேடப்போய்த்தான் நான் அதிகம் கற்றேன். சிங்கப்பூரின் நீர் நான்கு வழிகளில் வருகிறது: உள்ளூர் நீர்த்தேக்கங்கள், ஜொகூரிலிருந்து இறக்குமதி, புதுநீர், சுத்திகரிக்கப்பட்ட கடல்நீர். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை ஜொகூர் ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்ளச் சிங்கப்பூருக்கு 2061 வரை உரிமை உண்டு. அந்நீரை எடுத்துச் சுத்திகரிக்கும் நிலையம் கோத்தா திங்கியில் இருக்கிறது. அதை நடத்துவது நம் பொதுப் பயனீட்டுக் கழகம். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள லிங்கியு நீர்த்தேக்கம் 1990ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் அமைந்தது. 2016 அக்டோபரில் அதன் நீர்மட்டம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்த ஆண்டில் நான் ஜொகூரில் இடைநிலைப்பள்ளியில் இருந்தேன். அதைப் பற்றி ஒன்றுமே அறியேன்!

கல்கி காட்டிய வீரநாராயண ஏரிக்கும், அதாவது இன்றைய வீராணத்துக்கும், இதே கதைதான். 2004 முதல் அதன் நீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. நாவலில் அந்த ஏரிக்கரைச் சாப்பாட்டைப் படித்து மகிழும் சென்னை வாசகர், அந்த ஏரியையே குடிக்கிறார் என்பதை நினைத்துப் பார்ப்பாரா?

நம் தோழி சொன்ன சிங்கப்பூர் ஆற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 1977 முதல் 1987 வரை நடந்த துப்புரவுப் பணிக்குப் பிறகே அதன் கரையில் மூக்கைப் பிடிக்காமல் உட்கார முடிந்தது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின் அந்த ஆறும் நீர்த்தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. ஆற்றங்கரை உணவகங்களில் அமர்ந்து உண்பவர்கள், தாங்கள் குடிக்கும் நீரின் கரையிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

குழாய் நன்மையே செய்கிறது. தோட்டத்தில் வாளி சுமந்த என் பாட்டிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் குழாயைத் திறந்தால் நீர் வருகிறதே தவிர, ஆறு எப்படி இருக்கிறது என்ற செய்தி வருவதில்லை. கரைக்குப் போய் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

செம்பவாங் கரையில்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடி 18. எங்கே போவது என்று வீட்டில் விவாதம் நடந்தது. செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குப் போகலாம் என்றார் மாமா. 1909இல் கண்டறியப்பட்ட அந்த ஊற்றில் நீர் சுமார் 70 பாகை செல்சியஸ் சூட்டில் வருகிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் அங்கே குளியல் தொட்டிகள் கட்டினார்கள். 2020இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபின், மக்கள் முட்டை வேகவைத்து உண்ணும் இடமாகிவிட்டது. "வெந்நிக்கு யாராவது ஆடிப்பெருக்குக் கும்பிடுவாங்களா?" என்று பாட்டி அதைத் தள்ளிவிட்டார். கடைசியில் செம்பவாங் பூங்காக் கடற்கரை என்று முடிவாயிற்று.

முதல்நாளே லிட்டில் இந்தியாவுக்குப் போய், தேக்கா சந்தைப் பக்கம் மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் வாங்கிவந்தேன். விடியற்காலையில் பாட்டி நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, நான் சமைத்தேன். புளிக்காய்ச்சலில் எண்ணெய் பிரிவதற்குள் இறக்கிவிட்டேன். எலுமிச்சைச் சோற்றில் மஞ்சள் கூடிவிட்டது. அத்தை தயிர்ச்சோறு பிசைந்து மானத்தைக் காப்பாற்றினார்.

செம்பவாங் கரையில் நின்றால் எதிரே ஜொகூர் தெரியும். பாட்டி மணலைப் பார்த்தார், அலையைப் பார்த்தார். "இது கடலு தம்பி. உப்புத்தண்ணி" என்றார். அவர் குரலில் குறையில்லை, சொன்னார், அவ்வளவே. அப்போதுதான் நான் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். இது ஜொகூர் நீரிணை; சுமார் 120 கிலோமீட்டர் ஓடிவரும் ஜொகூர் ஆறு கிழக்கே இதே நீரிணையில்தான் கலக்கிறது. வீட்டுக் குழாயில் வரும் நீரிலும் ஒரு பங்கு அந்த ஆற்றிலிருந்து, கோத்தா திங்கியிலிருந்து, வருகிறது.

பாட்டி உடனே ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைக் கேட்டார். அது காலையில் சமையலறைக் குழாயில் பிடித்த நீர். செம்பில் ஊற்றச் சொல்லி, அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் வேண்டாம் என்று கைகூப்பினார். பூங்காவிலும் கடலிலும் எதையும் போடக்கூடாது என்பதால், மஞ்சள் கயிறுகள் எங்கள் மணிக்கட்டுகளில் ஏறின. ஐந்து நிமிடத்தில் வழிபாடு முடிந்துவிட்டது. பிறகு பாயில் அமர்ந்து உண்டோம். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகியும் பாட்டி எழுந்திருக்கவில்லை.

"சாமி கும்பிட அஞ்சு நிமிசம் போதுமே, அதுக்கு ஏன் பாட்டி இவ்வளவு சோறு?" என்று கேட்டேன்.

"சோறு இருந்தாத்தான் ஒக்காருவீங்க. ஒக்காந்தாத்தான் ஆத்தைப் பார்ப்பீங்க" என்றார்.

முடிவுரை

கியோத்தோவின் மேடை, காவிரிக்கரையின் பாய், தோட்டத்துத் தூக்குவாளி ஆகிய மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. நீரைப் பயன்படுத்திவிட்டு நடந்துவிடும் மனிதனைச் சிறிது நேரம் அதன் அருகில் உட்காரவைக்கின்றன. குளிர்ச்சி ஒரு காரணம், நன்றி ஒரு காரணம், உட்காரவைப்பது சோறுதான். கியோத்தோ அதை விதிமுறைகளோடு தொழிலாக்கிக் காத்தது. காவிரிக்கரை குடும்பம் குடும்பமாகக் காத்தது. தோட்டத்தில் அதைக் காத்தவர்கள் லயத்துப் பெண்கள். லயம் போனதும் அது போயிற்று என்றால், அது நீரைவிடக் கூட்டத்தையே நம்பி வாழ்ந்தது என்பது தெளிவு.

எனவே நம் தமிழ்ப் பேரவை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆடிப் பதினெட்டன்று, ஆளுக்கொரு சோறு கொண்டு செம்பவாங் கரையில் கூடுவோம். மேடை வேண்டாம், உரை வேண்டாம். பாய் போதும். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். புளியோதரை என் பொறுப்பு. இம்முறை எண்ணெய் பிரியும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டேன்.